தொலைந்த புள்ளியைத் தேடி: ஆண்டர்சன் தெரு முதல் சிவகாசி வரை

முதல் நாள், ஜூலை 29. சென்னை, ஆண்டர்சன் தெரு

போன தை மாதம் அத்தை மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையை வடிவமைத்தது நான். கிராஃபிக் டிசைன் படிக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அச்சுக்குப் போன என் முதல் வேலை அதுதான். வரிவரியாக மேடுபள்ளம் உள்ள வெளிர் மஞ்சள் தாள், பழைய பித்தளைச் செம்பின் நிறத்தில் மெல்லிய எழுத்து. திரையில் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

600 பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. 'திருவளர்ச்செல்வன்' என்ற சொல்லில் 'ல்' தலையில் இருக்க வேண்டிய புள்ளி இல்லை. சில பத்திரிகைகளில் தூசி படிந்தாற்போல ஒரு நிழல் இருந்தது. பலவற்றில் அதுவும் இல்லை. செல்வன் 'செலவன்' ஆகிவிட்டான். பெண் வீட்டில் பத்திரிகை வாசிக்கும்போது ஒரு தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்து, அந்த இடத்தில் நிறுத்தி, என் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி மெல்லிய முனைப் பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு, கொடுக்காமல் மீதியிருந்த ஒவ்வொரு பத்திரிகையிலும் புள்ளி வைக்க உட்கார்ந்தார். நானும் கூட உட்கார்ந்தேன். விடியற்காலை இரண்டரை மணி ஆயிற்று.

அச்சகத்தில் கேட்டபோது, "நீங்க குடுத்த ஃபைல் எப்படியோ அப்படித்தாம்மா வந்திருக்கு" என்றார்கள். கோப்பைத் திறந்து பார்த்தேன், புள்ளி இருந்தது. கோப்பில் இருக்கிற புள்ளி தாளுக்கு ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. புரியாமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது என்று தோன்றியது.

ஆவணிக் கடைசியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். இந்தத் தடவையும் நீதான் செய்யணும் என்று சொல்லிவிட்டார் அத்தை. அதனால்தான் இந்தப் பயணம். ஒரு வாரம், அச்சு நடக்கிற இடங்களில் மட்டும்.

பாரிமுனையில் இறங்கி ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் வருவது தாளின் வாசனை. கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் தாள் மொத்த வியாபாரிகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு. ஒரு கடையில் உட்கார்ந்து என் பழைய பத்திரிகையைக் காட்டினேன். கடைக்காரர் புள்ளியைப் பார்க்கவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தார். எட்டேகால் அங்குலச் சதுரம்.

"எந்த சீட்டுல போட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. 20-க்கு 30 அங்குலச் சீட்டு என்றால் இந்த அளவில் 6 பத்திரிகைதான் வரும், சுற்றிலும் மீதியெல்லாம் வெட்டிப் போட வேண்டியது; ஆறு அங்குலமாக வைத்திருந்தால், மிஷின் பிடிக்கவும் வெட்டவும் ஓரம் விட்டது போக, அதே சீட்டில் 12 வந்திருக்கும் என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினார். நான் அந்த எட்டேகாலை எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தேன். திரையில் மவுஸை இழுத்து நிறுத்திய இடம், அவ்வளவுதான். ஒரு காரணமும் இல்லை.

டெம்மி, கிரவுன், டபுள் கிரவுன் என்று சீட்டு அளவுகளையும், மேப்லித்தோ என்று தாள் வகையையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். 18-க்கு 23 அங்குல டெம்மி சீட்டை மூன்று தடவை மடித்தால் 8 தாள், 16 பக்கம், அது ஒரு ஃபாரம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாதிப் புத்தகங்களின் உயரமும் அகலமும் அந்த மூன்று மடிப்பிலிருந்து பிறந்தவை. அப்புறம் ஒரு தாளை நெடுக்கில் கிழித்தார், நேராகக் கிழிந்தது. குறுக்கில் கிழித்தார், கோணிக்கொண்டு போனது. இழை ஓடுகிற திசை அது. அட்டையை அந்த இழைக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். என் பத்திரிகையின் மடிப்பைப் பார்த்தேன். வெடித்திருந்தது. அதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

இரண்டாம் நாள், ஜூலை 30. திருவல்லிக்கேணி

இன்று பார்த்ததை எழுத இந்த ஒரு ராத்திரி போதாது.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு ஆள் நுழையும் அகலத்தில் ஓர் அச்சகம். உள்ளே ஒரு ட்ரெடில் மிஷின். முன்பு காலால் மிதித்து ஓட்டியது, இப்போது மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். பெரிய சக்கரம் சுற்றுகிறது. மேலே ஒரு வட்டத் தட்டில் மை. உருளைகள் அந்தத் தட்டில் ஏறி மையை வாங்கி, கீழே இறங்கி ஈய எழுத்துகளின் மேல் பூசிவிட்டுத் திரும்ப ஏறுகின்றன. அந்த இடைவெளியில் வலது கை தாளை வைக்கிறது, இடது கை அச்சான தாளை எடுக்கிறது, வாய் மூடித் திறப்பது போல இரும்பு மூடித் திறக்கிறது. கை ஒரு நொடி தாமதித்தால் விரல் போய்விடும். அதை ஓட்டிக்கொண்டிருந்த பாய்க்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். என்னிடம் பேசிக்கொண்டே ஓட்டினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

இப்போது அதில் பில் புக்குக்கு நம்பர் போடுவதும், அட்டைக்கு மடிப்புக் கோடு இழுப்பதும்தான் வேலை. ஈய எழுத்துகளைக் கோர்த்துப் புத்தகம் அச்சிட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். ஆனால் எழுத்துகளை அவர் எடைக்குப் போடவில்லை. "பாய், பார்க்கலாமா?" என்று கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு, சுவரோரம் சாய்த்திருந்த மரக் கேஸை இழுத்துத் துடைத்தார்.

கேஸ் என்பது சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மரத்தட்டு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, பெரியது சிறியது சேர்த்தாலும் சமாளித்துவிடலாம். தமிழில் கி, கீ, கு, கூ எல்லாம் தனித்தனி வார்ப்பு. 'கொ' என்று எழுத கொம்பு, க, கால் என மூன்று துண்டு. இத்தனை அறைகளில் எது எங்கே என்று பாய்க்குக் கண்ணை மூடினாலும் தெரிந்தது. ஒரு மூலை அறைகளைக் காட்டி, "இதெல்லாம் பழசு, 78-க்கு முன்னாடி" என்றார். துதிக்கை வைத்த லை, ணை, னை. சுழித்துக்கொண்டு நிற்கும் ணா, றா, னா. பெரியார் 1935-இலேயே தம் 'குடிஅரசு' ஏட்டில் இந்த எழுத்துகளை மாற்றி அச்சிட ஆரம்பித்தார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. நான் அதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தவள். இன்று அந்த வரியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆணை வந்த அன்று இந்த அறைகளில் இருந்த ஈயமெல்லாம் வேலையற்றுப் போயிருக்கிறது. புதுக் 'கொம்பு' அறையிலோ ஐகாரத்துக்குப் போதுமான துண்டு இல்லாமல் திண்டாடியிருக்கிறார்கள். "ரெண்டு மாசம் கஷ்டப்பட்டோம்மா, அப்புறம் கை பழகிடுச்சு."

என்னையே கோர்க்கச் சொன்னார். எழுத்துகளை வரியாக அடுக்கும் சின்னத் தட்டு, அதற்கு ஸ்டிக் என்று பெயர், அதை இடது கையில் கொடுத்தார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாகவே கோர்க்க வேண்டும். நான் 'செல்வன்' கோர்த்தேன். கொம்பு, ச, ல், வ, ன். ஐந்து துண்டு, ஐந்து நிமிடம். 'ல்'-ஐ விரலில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். 'ல'வும் புள்ளியும் ஒரே உடம்பு. புள்ளி ஈயத்தில் எழுந்து நிற்கிறது, தடவினால் குத்துகிறது. இது எங்கேயும் போகாது.

அதைச் சொன்னபோது பாய் தலையசைத்தார். "போகும்மா. அடி வாங்கி அடி வாங்கி முதல்ல உடையறது புள்ளிதான். அதனாலதான் புரூஃப் பார்க்கிறவருக்கு முதல் பாடமே புள்ளி பாருன்னு சொல்றது. உடைஞ்ச எழுத்தைத் தனியா ஒரு டப்பாவுல போட்டு வச்சு உருக்கக் குடுத்துடுவோம்." அந்த டப்பா இன்னும் இருந்தது. புள்ளி போன மெய்யெழுத்துகள், ஒரு கைப்பிடி.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். இடைவெளியும் ஈயம்தான். இரண்டு சொல்லுக்கு நடுவே விடும் வெற்றிடத்துக்கு எழுத்தைவிடக் குள்ளமான ஒரு ஈயத் துண்டு. வரிக்கும் வரிக்கும் நடுவே தகடு. வெள்ளையாகத் தெரியும் இடத்தையெல்லாம் யாரோ ஒருவர் கையால் எடுத்து வைத்திருக்கிறார். கணினியில் வரி இடைவெளிக்கு ஒரு பெட்டியில் எண்ணைத் தட்டிவிட்டுப் போகிற எனக்கு, கோர்த்து முடித்த ஒரு பக்கத்தைப் பாய் தூக்கிப் பார்க்கச் சொன்னபோது மணிக்கட்டு நடுங்கியது. ஒரு பக்கத்துக்கு அவ்வளவு கனம்.

மூன்றாம் நாள், ஜூலை 31. தரமணி

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் முத்தையா என்ற ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் துண்டுத்தாள்களும், அவர் மறைவுக்குப் பிறகு 1994-இல் சென்னையில் நூலகமாயின. நாள் முழுக்க அங்கேயே இருந்தேன். பழைய அச்சுப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பது மட்டும்தான் வேலை.

'தம்பிரான் வணக்கம்', 1578, கொல்லம். தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைப்பவற்றுள் பழையது, 16 பக்கம். அதன் பக்கப் படத்தைப் பெரிதாக்கினேன். எதையோ காணோம் என்று உறுத்தியது. மறுபடி பெரிதாக்கினேன்.

புள்ளி இல்லை. ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை.

ஓலைச்சுவடியில் அப்படித்தான். மெய் என்றால் புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தாலும், எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள் என்று சொல்வார்கள். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும்கூட ஒரே கொம்புதான். அதைப் பிரித்து மேலே சுழித்த கொம்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர், அது பதினெட்டாம் நூற்றாண்டு. முதலில் அச்சுக்கு எழுத்து வார்த்தவர்கள் கண்முன் இருந்தது ஓலையும் ஓலை படித்தவர்களின் கையெழுத்தும்தான். அதை அப்படியே ஈயத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஈயத்தில் குத்தினால் கிழியாது, ஆனாலும் புள்ளி வரவில்லை. வாசிக்கிறவர் மனத்துக்குள் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். 'செல்வன்' என்பதா 'செலவன்' என்பதா என்று முன்பின் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

பெண் வீட்டுத் தாத்தா நிறுத்திய இடம் நினைவுக்கு வந்தது. நானூறு வருடத்துக்கு முன்னால் வாசித்த ஒவ்வொருவரும் அப்படி ஒவ்வொரு வரியிலும் நின்றிருப்பார்கள்.

சாயங்காலம் கடைசியாகப் பார்த்தது வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி. 1862, சென்னை, அமெரிக்கன் மிஷன் அச்சகம். அச்சிட்டவர் ஹன்ட். எழுத்து சிறியது, பக்கம் நெருக்கமானது, ஆனாலும் கண்ணில் ஒரு சிரமம் இல்லை. சுழிகளுக்குள் வெள்ளை நன்றாகத் திறந்திருக்கிறது. புள்ளிகள் ஒவ்வொன்றும் எழுத்தின் தலையில் தள்ளி நின்று, தனியாகத் தெரிகின்றன. இதை வெட்டிய கைக்குத் தமிழ் வாசிக்கும் கண்ணைத் தெரிந்திருக்கிறது. நான் பத்திரிகைக்கு எடுத்த எழுத்துருவில் புள்ளி எழுத்தோடு ஒட்டினாற்போல, முடியளவு மெல்லியதாக இருக்கும். அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

இரவு மயிலாடுதுறை ரயில்.

நான்காம் நாள், ஆகஸ்ட் 1. தரங்கம்பாடி

மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் பொறையாறு வழியாக வந்து, பழைய நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் எதிரே கடல். வலப்பக்கம் டேனிஷ் கோட்டை. வெயிலுக்கு முன்னால் ஏழு மணிக்கே வந்துவிட்டேன். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் பாதிரியார்கள் சீகன்பால்கும் புளூட்சாவும் இங்கே கப்பலிலிருந்து இறங்கியதற்குக் கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் இதன் முதல் பாதியை எழுதினேன்.

சீகன்பால்க் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அடுத்து அவருக்கு வேண்டியிருந்தது அச்சு. லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை 1711-இல் கப்பலேற்றினார்கள். வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். இயந்திரத்தை ஓட்டத் தெரிந்து கூட வந்த அச்சுக்காரர் யோனாஸ் ஃபிங்க், இந்தியாவைப் பார்க்காமலே வழியில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஓட்ட ஆள் இல்லாமல் தேடியபோது, இங்கிருந்த டேனிஷ் படையிலேயே அச்சுத் தொழில் தெரிந்த ஒரு சிப்பாய் அகப்பட்டார்.

தமிழ் எழுத்தை ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்தார்கள். இங்கிருந்து வரைந்து அனுப்பிய வடிவங்களைப் பார்த்து, தமிழ் தெரியாதவர்கள் வெட்டிய எழுத்து. 1713-இல் வந்து இறங்கியபோது பார்த்தால், எழுத்து மிகப் பெரியது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற தாள் எந்த மூலைக்கு? தாளோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். அந்த வருடம் இங்கே வந்த ஆட்லர் என்ற கைவினைஞர் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக் கொடுத்தார். ஈயம் போதாதபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கிக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானது. அதே வருடம் பொறையாற்றில் தாள் ஆலையும் தொடங்கினார்கள்.

இந்தக் கதையை முன்பே படித்திருக்கிறேன். அப்போது சமயப் பணியின் கதையாகவே படித்தேன். ஆண்டர்சன் தெருவுக்குப் பிறகு படிக்கும்போது வேறு ஒன்று தெரிகிறது. அச்செழுத்தின் அளவைத் தீர்மானித்தது தாள். இன்று நான் எழுத்துருப் பெட்டியில் 7.5 என்று போடுகிறேன். ஆட்லருக்கு அந்த முடிவு உலையும் வார்ப்பும் மாதங்களும். அவர் குறைத்தது அழகுக்காக இல்லை. தாள் போத வேண்டுமே என்று குறைத்தார். சிறியதாக்கிய பிறகும் வாசிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அட்மிரல் தெருவில் சீகன்பால்க் வாழ்ந்த வீட்டை 2017-இல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு, அவர் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போனேன். மறு வருடமே, 36 வயதில் இறந்து, ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். பீடத்துக்கு முன்னால் ஒரு கல். அங்கே ரொம்ப நேரம் நின்றேன். வெளியே வந்தால் மீன் காயும் வாசனையும் அலைச் சத்தமும்.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 2. பேருந்தில்

மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருச்சி. வீட்டில் இறங்கி அம்மா கையால் ரசம் சாதம், துணி மாற்றம். மறுபடி மதுரைப் பேருந்து. மதுரையிலிருந்து சிவகாசி வந்து சேர இரவு பத்து ஆகிவிட்டது. நகரத்துக்குள் நுழையும்போதே சுவரெல்லாம் காலண்டர் விளம்பரம்.

ஆறாம் நாள், ஆகஸ்ட் 3. சிவகாசி, ஆடிப் பதினெட்டு

நாளைப் பார்த்துத்தான் வந்தேன். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்களில் பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். தை பிறக்க ஐந்து மாதம் இருக்கும்போதே இங்கே அடுத்த வருடம் பிறந்துவிடுகிறது. ஆல்பம் என்பது மாதிரிப் படங்களின் தடித்த கட்டு. முருகன், லட்சுமி, குழந்தை, மசூதி, மாதா, மலையருவி. ஊர் ஊராக ஏஜென்டுகள் இதைத் தூக்கிக்கொண்டு போய் மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் ஆர்டர் பிடிப்பார்கள்.

நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பிய அச்சகத்தில் அண்ணாச்சி ஒருவர் என்னை உட்கார வைத்து ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினார். எங்கள் வீட்டுப் பூஜையறைப் படங்கள் பலவற்றின் சாயல் அதில் இருந்தது. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து வரைந்த ஓவியர் கொண்டையராஜுவைப் பற்றி அவர் பேசியது எனக்குப் புதையல். 1976-இல் மறைந்தவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள்தான் சிவகாசி அச்சேறி நாடெங்கும் போயின. பட்டுப் புடவையின் மடிப்பிலும் நகையிலும் அத்தனை நுணுக்கம் வைத்து வரைந்தவர்கள், அது அச்சில் என்ன ஆகும் என்று தெரிந்தே வரைந்திருக்கிறார்கள். நிறங்களைப் பார்த்தால் தெரிகிறது: அழுக்கான இடைநிறம் குறைவு, தெளிவான நிறங்கள் அதிகம்.

ஊர் அச்சுக்கு வந்ததே தீப்பெட்டியால்தான். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சு வந்தது, அப்புறம் பட்டாசு லேபிள், காலண்டர், டைரி, பாடநூல். மழை குறைந்த வறண்ட ஊர் என்பது தீக்குச்சி காய உதவியது போலவே தாளுக்கும் உதவியது. தாள் ஈரத்தை இழுத்தால் நீளும்; நீண்டால் ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராது.

முற்றத்து ஓரத்தில் ஒரு கனத்த கல் கிடந்தது. வழவழவென்று, பழுப்பாக. லித்தோ கல். 1796-இல் பவேரியாவில் செனெஃபெல்டர் கண்டுபிடித்த முறை: கல்லில் எண்ணெய்ப் பசையால் எழுதி, கல்லை நனைத்து, மையைத் தடவினால் எழுதிய இடத்தில் மட்டும் மை பிடிக்கும், நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும். எழுத்து மேலே எழுந்து நிற்கத் தேவையில்லை. குனிந்து தடவிப் பார்த்தேன். திருவல்லிக்கேணியில் விரலில் குத்திய புள்ளி இங்கே இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒன்றை நம்பித்தான் இங்கே எல்லாம் நிற்கிறது.

ஏழாம் நாள், ஆகஸ்ட் 4. சிவகாசி

காலை எட்டரைக்கு மிஷின் ஹாலுக்குள். நான்கு கலர் ஆஃப்செட், பேருந்து நீளம். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வரிசையாக நான்கு வீடு மாதிரி நிற்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த நிறத்துக்கான எழுத்தும் படமும் ஏற்றிய ஓர் அலுமினியத் தகடு, அதுதான் பிளேட், அதைச் சுற்றிய உருளை, அதை ஒட்டி ரப்பர் பிளாங்கெட் சுற்றிய உருளை, கீழே தாளை அழுத்தும் உருளை. பிளேட் நேராகத் தாளைத் தொடுவதே இல்லை. ரப்பரில் இறக்குகிறது, ரப்பர் தாளில் இறக்குகிறது. 1904-இல் அமெரிக்காவில் ரூபெல் என்ற அச்சுக்காரர், தாள் போகாமல் மிஷின் ஒரு சுற்றுச் சுற்றி ரப்பரில் அச்சு விழுந்துவிட, அடுத்த தாளின் பின்பக்கத்தில் அது இன்னும் தெளிவாகப் பதிவதைக் கண்டு பிடித்துக்கொண்ட வழி இது. அதனால் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கிறது, வாசிக்கலாம். ரப்பரில் திரும்பி, தாளில் மறுபடி நேராகிறது.

ஆபரேட்டர் அண்ணாச்சியிடம் என் பழைய பத்திரிகையைக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து மடிப்பு லென்ஸை எடுத்து அதன்மேல் வைத்தார். ஐந்து நொடிகூட ஆகவில்லை.

"எழுத்துக்கு என்ன கலர் குடுத்தீங்க பாப்பா?"

சொன்னேன். நீலம் 35, சிவப்பு 50, மஞ்சள் 85, கறுப்பு 20 சதவீதம். பித்தளை நிறம்.

"நீங்களே பாருங்க."

லென்ஸுக்குள் என் எழுத்து இல்லை. நான்கு நிறத்தில் புள்ளிகள் மட்டும் இருந்தன. மிஷினுக்கு 50 சதவீதச் சிவப்பு என்று ஒரு மை கிடையாது. இருக்கிறது முழுச் சிவப்பு ஒன்றுதான். வெளிறிய சிவப்பு வேண்டுமென்றால் சின்னச் சின்னப் புள்ளிகளாக இறைத்து, இடையில் தாளின் நிறத்தை விட்டு, கண்ணை ஏமாற்ற வேண்டும். நான்கு நிறத்துக்கும் நான்கு வலை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில்: நீலம் 15 டிகிரி, கறுப்பு 45, சிவப்பு 75, மஞ்சள் 0. படங்களுக்கு அது அற்புதம். கொண்டையராஜுவின் லட்சுமி முகம் அந்தப் புள்ளிகளில்தான் சிரிக்கிறது. ஆனால் அங்குலத்துக்கு 150 வரிசை என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 0.17 மில்லிமீட்டர். என் 'ல்' மேல் இருந்த புள்ளியே கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்றோ இரண்டோ மைப்புள்ளிகளுக்குத்தான் இடம். அதில் பாதி தாளின் பள்ளத்தில் விழுந்தன, மீதி ஒன்றுக்கொன்று விலகி நின்றன. புள்ளிகளால் ஒரு புள்ளியைக் கட்டப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை போதவில்லை.

மிஷின் ஓடும்போதே அவர் காட்டினார். பொத்தானை அழுத்திச் சிவப்புப் பிளேட்டை ஒரு மயிரிழை நகர்த்தினார். வந்து விழுந்த சீட்டில் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை போலத் தெரிந்தது. கீழே பல நிறத்தில் கலந்து போட்டிருந்த சின்ன எழுத்து மட்டும் சிவப்பு நிழல் விட்டு மங்கியது. பக்கத்தில் தனிக் கறுப்பில், 100 சதவீதத்தில் இருந்த வரி அப்படியே கத்தி வெட்டாக நின்றது. முழு மைக்கு வலை கிடையாது, விலகுவதற்கு இன்னொரு நிறமும் கிடையாது. பிறகு சிவப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

"உங்களுக்குப் பித்தளை கலர்தான் வேணும்னா மையாவே கலந்துருங்க. ஒரே பிளேட்டு, ஒரே மை."

திருவல்லிக்கேணி பாயின் மிஷினிலும் அதுதான். ஒரு எழுத்து, ஒரு மை.

மதியத்துக்கு மேல் அவருடைய மச்சான் நடத்தும் சின்ன அச்சகத்துக்கு அனுப்பி வைத்தார். ஒற்றைக் கலர் மிஷின் ஒன்று, லேபிள் வேலை. நான் மடிக்கணினியில் அத்தை மகள் பத்திரிகையைத் திறந்து மாற்றினேன். எழுத்துருவை மாற்றினேன், கொஞ்சம் தடிப்பு, சுழி திறந்தது, புள்ளி தலையிலிருந்து தள்ளி நிற்பது. அளவு 9.5. தாள் ஆறு அங்குலச் சதுரம், வழவழப்பானது. எழுத்து முழுக்க ஒரே நிறம், 100 சதவீதம். பிளேட் வர ஒரு மணி நேரம். அதற்குள் கண்ணாடிப் பலகையில் மை கலந்தார்கள். மஞ்சள் நிறைய, சிவப்பு கொஞ்சம், கறுப்பு கத்தி நுனியளவு. கலந்து கலந்து, விரலால் தொட்டுத் தாளில் தட்டிப் பார்த்து, மறுபடி மஞ்சள் சேர்த்து, நான்காவது தட்டலில் எங்கள் வீட்டுச் செம்பு வந்தது.

மாதிரிக்கு 50 சீட்டு ஓட்டினார்கள். முதல் சீட்டை எடுத்து லென்ஸ் வைத்தேன். 'திருவளர்ச்செல்வி'. 'ர்', 'ச்', 'ல்', மூன்று புள்ளியும் உருண்டையாக, ஓரம் சிதறாமல், அதனதன் இடத்தில் இருந்தன.

வெளியே வந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"புள்ளி வந்திருக்கா?"

"வந்திருக்கு அத்தை."

"எல்லாத்துலயுமா?"

நான் முதல் சீட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். அத்தையை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், மை காயாத சீட்டுகளை ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 50-ஐயும் பார்த்தேன். பிறகு போனை எடுத்து, "எல்லாத்துலயும் இருக்கு" என்றேன்.